காகம் போட்ட வெறும் கட்டம்

வான்கோழி ராஜாவின் கழுத்தில் தொங்கும் சதையை, காகம் தன் வாரப் பத்திரிகையில் முழங்கால் வரைக்கும் இழுத்து வரைந்துவிட்டது. காடே சிரித்தது. ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி என் படத்தைப் போட்டாயோ, அலகை ஒடித்துவிடுவேன்!"

"உத்தரவு மகாராஜா" என்றது காகம்.

அடுத்த வாரம் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் இருந்தது. அடியில், 'மகாராஜா உத்தரவுப்படி' என்று ஒரே ஒரு வரி. ராஜா நிம்மதியாக உலாவப் போனால், அணில் அந்தக் கட்டத்தைப் பார்த்து விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒன்றுமே இல்லையே, எதற்கடா இளிக்கிறாய்?"

"மன்னிக்கணும் மகாராஜா, என் கண்ணுக்கு அந்தச் சதை ஆற்றைத் தாண்டிப் போகிறது!"

ராஜா அலறியடித்துக்கொண்டு காகத்தின் கூட்டுக்கு ஓடியது.

"உனக்குப் புண்ணியமாய்ப் போகும். முழங்காலோடு நிறுத்தினாயே, அந்தப் படத்தையே திரும்பப் போட்டுவிடு!"