வடக்கு மூலைக் கதிர் அரிவாள்

“அழாதம்மா. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே, ஒரு அரிவாள்கூடவா கிடைக்காமப் போயிடும்?” அகழாய்வுக் குழிமேட்டில் நின்று, தன் ஆராய்ச்சி மாணவிக்கு வெயில் படாமல் குடை பிடித்தார் பேராசிரியர்.

சும்மா சொல்லக் கூடாது, பெரிய மனசு. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் மாடு மேய்த்தார்களே தவிர, பயிர் அறுக்கவே இல்லை என்று முப்பது வருஷமாக எழுதிவருகிறவர் அவர். அறுத்தார்கள் என்று நிரூபிக்கக் கிளம்பியவள் இவள். வேறொருவராக இருந்தால் என்றைக்கோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்.

தோண்டும் அனுமதி இன்றோடு முடிகிறது. ஒரு கதிர் அரிவாள் கிடைக்காவிட்டால் அவளுடைய ஐந்து வருஷ உழைப்பும் அம்போ.

“அந்த வடக்கு மூலையில இன்னும் ஒரு சாண் தோண்டிப் பாரேன்” என்றார்.

தோண்டினாள். களிம்பேறிய வெண்கல நுனி ஒன்று, விரல் நகம் அளவுக்கு வெளியே தெரிந்தது.

“சார்! சார்!”

“பதறாத. பிரஷ்ஷால மெல்ல மண்ணைத் தள்ளு. அடிப்பக்கம் பிடி மாட்டுற ஓட்டை இருக்கு, அங்க உடைஞ்சிடப் போகுது!”

உடையவில்லை. அரிவாள் முழுசாகக் கைக்கு வந்தது. அவள் ஓவென்று அழுதேவிட்டாள்.

கண்டெடுத்தவரும் குழுத் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். “நான் எதுக்கும்மா? இது முழுக்க உன்னோடது” என்று பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டார் அவர். பத்திரிகைக்காரர்களுக்கும் அவரே போன் போட்டார். இப்படிப்பட்ட மனுஷரையா கல்நெஞ்சக்காரர் என்று திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அவள் படம். அப்பா பத்துப் பிரதி வாங்கிவந்து, பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டினார்.

மூன்றாவது வாரம் பரிசோதனைக்கூட அறிக்கை வந்தது. பல்கலைக்கழகக் கூட்ட அறையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதைப் படித்தார்கள். அரிவாளை வார்த்து ஆறு மாசம்கூட ஆகவில்லையாம். களிம்பு, அமிலம் ஊற்றி ஏற்றியதாம்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார்! நான் தோண்டறப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“போலியைப் புதைச்சு வச்சுத் தோண்டி எடுக்கிற பொண்ணுன்னு நான் கனவுலகூட நினைக்கலீங்க.”