படியேறிய புள்ளி

தேயிலைத் தூள் பாக்கெட் போடும் மெஷின் பக்கத்தில் ஒரு சார்ட் தொங்கியது. மணிக்கொரு பாக்கெட்டை நிறுத்துப் பார்த்து, அதன் எடைக்கு ஒரு புள்ளி வைப்பாள் தமயந்தி. மேலேயும் கீழேயும் சிவப்புக் கோடுகள். புள்ளிகள் அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டும்; சரியான எடையைக் காட்ட மையத்தில் ஒரு நடுக்கோடு.

அன்று காலையிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலேயே விழுந்தது.

"நேத்து வந்த புள்ளிங்களைப் பாரு, மேலயும் கீழயுமா தள்ளாடிட்டுக் கிடக்கு. நம்ம வரிசை படிக்கட்டு மாதிரி! அதுலயும் என்னைவிட உசரம் யாருமில்லை" என்றது கடைசிப் புள்ளி.

தமயந்தி அதையும், எடை விடாமல் ஏறிக்கொண்டே போவதையும் உற்றுப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"ஐயோ, நான் கோட்டைத் தொடக்கூட இல்லையே!" என்று அலறியது புள்ளி.

உள்ளே தூள் கொட்டும் குழாயில் ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. அதை முடுக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். அடுத்த புள்ளி நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தது.

"இவ்வளவுதானா உன் உசரம்?" என்று சிரித்தது பழைய புள்ளி.

"உசரத்தை விடு" என்றது புதுப்புள்ளி, நெஞ்சை நிமிர்த்தி. "உன்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினா. என்னைப் பார்த்துட்டுத்தான் நிம்மதியா டீ குடிக்கப் போயிருக்கா."