பதினோரு நொடி

அந்தோணியார் அறிய, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் என் பேச்சை எனக்கே போட்டுக் காட்டினாள். நாகர்கோவில் கல்லூரியிலிருந்து வந்தவள். எங்கள் கரையின் கதைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, கடல் வரைபடத்தோடு புத்தகமாகப் போடப்போகிறாள்.

சலேத்தம்மாவும் வந்து உட்கார்ந்தாள். என் கூட்டாளி தொம்மையின் மனைவி.

பதிவில் அந்தப் பெண் என் இருமலை வெட்டியிருந்தாள். காக்கைச் சத்தத்தை வெட்டியிருந்தாள்.

களவாமீன் கதையை வெட்டவில்லை.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை 'பார்' என்போம். மீன் அடைந்து கிடக்கும் இடம். என் பாரில் ஒரு களவா இருந்தது. முதுகில் பாசி பிடித்த கிழடு. தூண்டிலை இறக்கினால், மேலே இருப்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமை இரை எடுக்காது.

"ஞாயிறு நீங்க யாரும் கடலுக்குப் போறதில்லையே பாட்டா. எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை அதுக்க பசியைப் பாத்தா தெரியாதா மக்ளே."

சலேத்தம்மா சிரித்தாள்.

"அவரும் இதைச் சொல்லித்தான் சிரிச்சாரு. போறதுக்கு முந்தின நாளு."

தன் பார் இருக்கும் இடத்தை எவனும் சரியாகச் சொல்லமாட்டான். சொன்னால் மறுநாள் அங்கே இருபது வள்ளம் நிற்கும். அண்ணன் தம்பிக்கே திசை மாற்றிச் சொல்வான். அது வழக்கம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தொம்மைக்கு மட்டும் நான் உள்ளதைச் சொன்னேன்.

கோயில் கோபுரம் மலையின் தெற்கு மடிப்பில் வந்து நிற்கும்வரை போ. பிறகு, கோபுரத்தில் சிலுவை மட்டும் தெரிகிற தூரம்வரை போ. தூண்டிலை இறக்கு.

அவன் தனியாகப் போனான்.

மூன்றாம் நாள் கட்டுமரம் ஒதுங்கியது. கட்டுமரம் மட்டும்.

இருபத்தாறு வருடம். கல்லறைத் திருநாளன்று ஊர் முழுக்கக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும். சலேத்தம்மா கடற்கரைக்குக் கொண்டுபோவாள். காற்று அணைக்கும். அவள் மறுபடி ஏற்றுவாள். என்னைக் கண்டால் ஒரே கேள்வி.

இன்றைக்கும் கேட்டாள்.

"பாரைக் கண்டிருப்பாரா அண்ணே?"

"கண்டிருப்பான். அம்புட்டு மீனை விட்டுட்டு வர மனசு வந்திருக்காது."

அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"புஸ்தகத்துல அந்த எடத்துக்கு அவரு பேரைப் போடுவியா மக்ளே?"

பெண் என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.

கணினித் திரையில் இருந்த நீலத்தில், நான் தொம்மைக்குச் சொன்ன இடத்தில், ஒரு புள்ளி விழுந்தது. தொம்மை பார்.

சலேத்தம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தப் புள்ளியைத் தொட்டாள்.

"இம்புட்டு நாளா எந்தப் பக்கம் பாத்துக் கும்புடுறதுன்னு தெரியாம இருந்தேன்."

பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அவர் பேரைச் சொன்னதும் பதினோரு நொடி பேசாம இருந்தீங்க பாட்டா. அதையும் வெட்டிட்டேன்."

"அதைத் திரும்பப் போட்டுரு மக்ளே. மத்ததை வேணும்னா வெட்டு."

போட்டாள்.

மூன்று பேரும் கேட்டோம். அதில் அலை இருந்தது. காக்கை ஒருமுறை கத்தியது. நான் மூச்சுவிட்டேன்.

சலேத்தம்மா விரலை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் பார் கிடையாது. சுற்றி ஏழு மைலுக்கு வெறும் மணல்.