உயர வரிசை

வருங்கால மாமனார் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. வரிசைப்படுத்தும் பாடத்தை மாணவர்களை வைத்தே நடத்தினார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. முன்னாடி நிக்கிறவரை விடக் குட்டைன்னா இடம் மாறணும். உயரம் சரியாத் தெரியணும், ஷூவைக் கழட்டுங்க!"

"நீங்களும் வாங்க சார்!"

பந்தாவாகக் கடைசியில் போய் நின்றார்.

"சார், ஷூ?"

தன் வாய்தான் தனக்கு எதிரி என்று நொந்தபடி கழற்றினார். கூடவே மூன்று அங்குலமும் கழன்றது.

"மாறுங்க சார்... இன்னும் மாறுங்க சார்..."

முதல் ஆளாக வந்து நின்றார்.

மாமனார் எழுந்து வந்து கைகுலுக்கினார். "பிரமாதம் மாப்பிள்ளை! உங்க நிஜ உயரத்தைப் பாத்துட்டு வான்னு பொண்ணு அனுப்பினா. எப்படிக் கேக்கிறதுன்னு தவிச்சிட்டிருந்தேன்."