முற்றத்தில் ஒரு வாக்கு

அவள் தூங்கிவிட்டாள்.

அவன் மனைவியின் தோளைத் தொட்டான். அசைவில்லை. வலிக்குக் கொடுத்த மருந்து அவளை எங்கோ ஆழத்துக்குக் கொண்டுபோயிருந்தது.

அம்புலன்ஸ் பாராளுமன்ற முற்றத்தில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. தேம்ஸ் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தது.

கட்டடத்துக்குள் வாக்கெடுப்பு மணி அடிக்கத் தொடங்கியது. அது நிற்பதற்குள் வாக்கைச் சொல்லிவிட வேண்டும்.

"மயூ, எழும்பும்."

மயூரதி எழும்பவில்லை.

தஞ்சம் கேட்டு வருபவர்களை விசாரிக்காமலே திருப்பி அனுப்பும் சட்டமூலம். அவளுடைய கட்சிதான் கொண்டுவந்தது. அவள் ஆறு வயதில் லொறிக்குள் ஒளிந்து இந்த நாட்டுக்குள் வந்தவள்.

எதிர்த்து வாக்குப் போட வேண்டும். போட்டுவிட்டுச் சாக வேண்டும். ஒரு மாதமாக அவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்சியிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் கட்சி அம்புலன்ஸ் அனுப்பியிருக்காது.

நடக்க முடியாத உறுப்பினர் சபைக்குள் போக வேண்டியதில்லை. முற்றம்வரை உயிரோடு வந்தால் போதும். இரண்டு பக்கத்துக் கொறடாக்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். பிறகு உள்ளே போய்க் கணக்கில் சேர்ப்பார்கள்.

சர் டெஸ்மண்ட் வந்தார். அவளுடைய கட்சியின் கொறடா.

முப்பது வருடத்துக்கு மேல் உறுப்பினர். ஆறு பிரதமர்கள் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. கொறடாக்கள் சபையில் பேசுவதில்லை. அது மரபு. அந்த மரபு அவருக்கு நல்ல வசதி. சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்பது யாருக்கும் தெரியவரவில்லை. யார் குடிப்பார், யார் யாரோடு தங்குவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும். அதை அனுபவம் என்றார்கள். அதற்கு ஒரு பட்டமும் கொடுத்தார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குத் திராட்சையோடு வந்திருந்தார். மயூரதியிடம் சுகம் விசாரித்தார். புதன்கிழமைவரை தாங்குமா என்று டொக்டரிடம் கேட்டார்.

இன்று புதன்கிழமை.

கூடவே எதிர்க்கட்சியின் கொறடா, ஓர் இளம்பெண். அவள் போர்வையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கியது. எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

எங்கள் பக்கம்தான் என்றார் சர் டெஸ்மண்ட். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

எதிர்த்து என்றான் அவன்.

அந்தப் பெண் இருவரையும் பார்த்தாள். உறுப்பினர் தன் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவருடைய கட்சிக் கொறடா சொல்வதுதான் கணக்கு, கணவர் சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். உண்மையாகவே வருந்தினாள்.

அவன் குனிந்து மயூரதியின் கன்னத்தைத் தட்டினான். பிறகு கொஞ்சம் பலமாக.

இமை லேசாகத் துடித்தது.

சர் டெஸ்மண்ட் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மிருதுவான கை. ஒன்றையும் தூக்கிப் பழகாத கை.

"எழுப்பாதீர்கள். பாவம், தூங்கட்டும்."

குரலில் அத்தனை பரிவு. பிடி மட்டும் தளரவில்லை.

மணி நின்றது.

அப்போதுதான் விட்டார். இருவரும் உள்ளே போனார்கள். அந்தப் பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மயூரதி கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"எதிர்த்துத்தானே?"

அவன் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான். அது முன்பே கழுத்துவரைதான் இருந்தது.

"ஓம்."

அவள் முகம் இளகியது. அந்த முகத்தை அவன் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

சர் டெஸ்மண்ட் திரும்பி வந்தார். நூற்றுக்கு மேல் வித்தியாசம், நிறைவேறிவிட்டது என்று வாசலிலேயே சொன்னார். ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். வாக்கு எண்ணுவதுதான் அவர் தொழில்.

குனிந்து அவள் விரல்களைத் தொட்டார். இந்த நிலையிலும் வந்தீர்களே, இதை நாங்கள் மறக்க மாட்டோம் என்றார். வேறு கட்டில்களுக்குப் பக்கத்திலும் நின்று இதையே சொல்லியிருப்பார்.

மயூரதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தமிழில் சொன்னாள்.

"பாருங்கோப்பா. எதிர்த்துப் போட்டும் கோவிக்கேல்லை. நல்ல மனுசன்."

என்ன சொல்கிறார் என்று சர் டெஸ்மண்ட் கேட்டார்.

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் நல்ல மனிதர் என்கிறாள் என்றான்.

சர் டெஸ்மண்ட் கண்ணை மூடித் திறந்தார். அதையும் எடுத்துக்கொண்டு போனார்.