திருப்பி எறிந்த பந்து

கார்வர் மட்டையோடு வந்ததும் பேஸ்பால் அரங்கமே, "ஊசிக்காரா! ஊசிக்காரா!" என்று கத்தியது. ஊக்கமருந்து போட்டுப் பிடிபட்டவன், தடை முடிந்து எதிரணிக்கு ஆட வந்திருந்தான்.

வழக்கம்போல் தனியாக வந்திருந்த வெண்டல் மட்டும் வாயே திறக்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரன் பீர் கோப்பையோடு திரும்பினான். "ஏன்யா, அவன் என்ன உன் மச்சானா? நீயும் கத்தேன்!"

அதற்குள் கார்வர் விளாசிய பந்து வேலி தாண்டிப் பறந்து வந்தது. வெண்டல் வெறுங்கையால் பிடித்துவிட்டான்.

"எதிராளி அடிச்ச பந்தை நாம வெச்சுக்கிறதில்லய்யா! திருப்பி எறி!" என்று பீர்க்காரன் கத்தினான்.

வெண்டல் எழுந்து எறிந்தான். பந்து புல்லைத் தொடாமல் மைதானத்தைக் கடந்து, மூன்றாவது பேஸைக் காத்து நின்ற ஆட்டக்காரனின் கிளவுஸுக்குள் போய் விழுந்தது. ரன்னுக்காக பேஸ்களைச் சுற்றி ஓடிவந்துகொண்டிருந்த கார்வர் சட்டென நின்று, கூட்டத்தை அண்ணாந்து பார்த்தான்.

பீர்க்காரன் வாயைப் பிளந்தான். "யாருய்யா நீ?"

"சின்ன லீக்ல அவனும் நானும் ஒரே ரூம். மேல, பெரிய லீக்குக்குப் போக ஒரு இடம்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்குமா சேர்த்துத்தான் ஊசி வாங்கிட்டு வந்தான்."

"நீயும் போட்டுக்கிட்டியா?"

வெண்டல் உட்கார்ந்தான்.

"போட்டிருந்தா, யாருன்னு கேட்டிருக்க மாட்டே."