ஒரு சொல்லும் மாறாமல்

"இந்தப் பையன் வாயில் பொய்யே வராது" என்று கல்லூரித் துணைத் தலைவி மேடையில் ஆங்கிலத்தில் சொன்னார். அதை ஸ்பானிஷில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் அந்தப் பையனேதான். அன்செல்மோ மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

லத்தீன் அமெரிக்க மாணவர் மையத்தில் அன்று குடும்ப நாள். திராட்சைத் தோட்டத்துக்கும் பழக் கிடங்குக்கும் லீவு சொல்லிவிட்டு வந்த அப்பா அம்மாக்கள், துவைத்து மடித்த சட்டைகளில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது. அவர்களுக்கும் கல்லூரிக்கும் நடுவில் போன வருடத்திலிருந்து இவன்தான் நிற்கிறான்.

"மேடம் என்னைப் புகழ்றாங்க. அதை மட்டும் விட்டுடறேன்" என்றான் ஸ்பானிஷில்.

துணைத் தலைவி விடுவதாக இல்லை. "போன வருஷம் நான் செஞ்ச தமாலைச் சாப்பிட்டுட்டு ஒரு அம்மா ஸ்பானிஷ்ல ஏதோ சொன்னாங்க. என்னன்னு கேட்டேன். 'செருப்பு மாதிரி இருக்கு'ன்னு அப்படியே சொல்லிட்டான். ஒரு சொல்லைக்கூட மாத்தல."

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அவன் அப்பா ரெஃபூகியோவின் தோளும் குலுங்கியது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரித்துவைப்பது அவர் வழக்கம். அன்செல்மோ அதற்குப் பிறகுதான் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தான்.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மே மாதத்திலிருந்து இப்படித்தான். அவன் யாருக்காவது மொழிபெயர்க்க வாயைத் திறந்தால் போதும், எங்காவது ஒரு காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். திட்டமாட்டாள், அழமாட்டாள். ஒரே ஒரு கேள்விதான். "டாக்டர் என்னடா ராசா சொன்னாரு?"

அந்த டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை. மூன்று மாதம், அதற்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில், மருந்துக்கடையில், வீட்டுக்காரரிடத்தில் எல்லாம் அந்த வீட்டுக்கு அவன்தான் வாய். அன்றைக்கு அந்த வாய் சதி செய்துவிட்டது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடுமாம்மா" என்றான். அம்மா சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே அப்பா செர்ரி பறிக்க வடக்கே போய்விட்டார். ஆறு வார வேலை. அம்மா ஐந்தாவது வாரத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மண்ணைத்தான் பார்க்க முடிந்தது.

கூட்டம் முடிந்தது. ஆளுக்கு ஒரு கிண்ணம் போசோலே சூப்பை வாங்கிக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்செல்மோ சூப்பைத் தொடவில்லை. சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"என்னடா இது?"

"காலேஜை விட்டுடறேன்பா. திங்கக்கிழமை இதைக் குடுத்துட்டு உங்க கூடவே பறிக்க வந்துடறேன்."

"பத்து நிமிஷம் வெயில்ல நின்னா உனக்கு மூக்குல ரத்தம் வரும். நீ வந்து பறிச்சுக் கூடை நிறைஞ்ச மாதிரிதான். என்ன ஆச்சு உனக்கு?"

"பொய்யே சொல்லமாட்டான்னு அவங்க சொன்னாங்கப்பா. நான் சொல்லியிருக்கேன். உங்ககிட்ட. அம்மாகிட்ட."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் சொன்னதை முதல் தடவையாக, ஒரு சொல்லும் மாறாமல் ஸ்பானிஷில் சொன்னான்.

"நான் உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க வடக்க போயிருக்கவே மாட்டீங்க. கடைசியா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க. அவங்களும் தெரியாமலே போயிட்டாங்க. இனிமே என்னால அந்த மைக்கைத் தொட முடியாதுப்பா."

ரெஃபூகியோ ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். இந்த நிமிஷத்துக்குப் பயந்துதான் அவன் ஐந்து மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தான். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"நானா போனேன்? போகமாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உங்கம்மாதான் பையைக் கட்டி வாசல்ல வச்சா."

"அம்மாவா? ஏம்பா?"

"'பக்கத்துல இருந்தா நீ அழுதுடுவே, நீ அழுதா பிள்ளைக்குத் தெரிஞ்சுபோயிடும், கிளம்பு'ன்னா."

"எனக்கு என்ன தெரிஞ்சுபோயிடும்?"

ரெஃபூகியோ கையை நீட்டி மகனின் கன்னத்தைத் துடைத்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் புரியும்னு."